காலியாக விட்ட ஒரு கட்டம்

திருச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ரயில் பாபநாசத்தைத் தாண்டும்போது போனில் அந்த பி.டி.எஃப். வந்து விழுந்தது. 2024 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம், ஆனால் அப்பா உட்காரவில்லை. காலையில் எலும்பு ஸ்கேனுக்குக் கதிரியக்க மருந்தை ஊசியில் போட்ட நர்ஸ், "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கைக்குழந்தை, மாசமா இருக்கறவங்க பக்கத்துல போகாதீங்க தாத்தா" என்று சொல்லியிருந்தார். அதை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தஞ்சாவூரில் ஒரு பெண் ஏழெட்டு மாதக் குழந்தையோடு ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்ததும், இவர் எழுந்து போய்க் கதவோரம் நின்றுவிட்டார். இடுப்பு வலி என்றுதான் ஸ்கேனுக்கே போயிருந்தோம். அந்த இடுப்போடு அரை மணி நேரமாக ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தபடி, அறுப்புக்குக் காத்திருந்த சம்பா வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் பாதியாகிடும்ப்பா, இந்நேரம் பாதிக்கும் கீழதான் இருக்கும், வந்து உட்காருங்க" என்றேன். "பாதி இருக்குல்ல?" என்றார்.

ரிப்போர்ட் ஒரே பக்கம். அதில் நான் படித்தது ஒரே வார்த்தை. சேக்ரம் என்று சொல்லப்படும் எலும்பின் இரண்டு பக்கமும் மருந்து அதிகமாகச் சேர்ந்திருக்கிறது, 'சஸ்பீஷியஸ் ஃபார் மெட்டாஸ்டாசிஸ்' என்று இருந்தது. கேன்சர் அங்கே பரவியிருக்கலாம் என்று சந்தேகம். முதுகுத்தண்டு இறங்கி இடுப்புக்குள் உட்காரும் முக்கோண எலும்புதான் சேக்ரம் என்பதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நிமிஷத்தில் கடைசி வார்த்தை மட்டும்தான் கண்ணில் பட்டது. அதற்குக் கீழே 'கிளினிக்கல் கோரிலேஷன் சஜஸ்டட்', அதாவது நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும், என்று ஒரு வரி இருந்ததை, சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்கவேயில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். கும்பகோணத்தில் அந்தப் பெண் இறங்கியதும் அப்பா வந்து உட்கார்ந்து, "ரிசல்ட் எப்ப வரும்?" என்றார். "நாளைக்குத்தான்" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்லி இன்றைக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிறது. பொய்யை எப்போதோ மன்னித்துக்கொண்டேன். உறுத்துவது வேறு. அன்று காலை அந்த ஸ்கேன் சென்டரில் நான் செய்த காரியம். அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே அது கடைசியில்தான் தெரிந்தது.

அப்பாவுக்கு 2021-ல் புராஸ்டேட் கேன்சர் என்று தெரிந்தது. வியாதியின் வீரியத்துக்கு மார்க் போடும் கிளீசன் ஸ்கோர் 8, புராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் புரதமான பி.எஸ்.ஏ. 28. ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவாகி, மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, கூடவே ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சென்னையில் தங்கி 39 கரண்ட். எங்கள் பக்கம் ரேடியேஷன் என்று யாரும் சொல்வதில்லை, 'கரண்ட் வைக்கிறது'தான். தினமும் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு மேஜையில் படுக்க வேண்டும். அந்த எட்டு வாரத்தில் அப்பாவுக்கு இருந்த ஒரே குறை, முன்னால் போனவர் தாமதம் செய்தால் இவருக்கு முட்டிக்கொண்டு வரும் என்பதுதான். ஊசி இரண்டு வருஷம் ஓடி 2023-ல் நின்றது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். கேன்சர் வைத்தியத்தில் முடிந்தது என்று ஒன்று கிடையாது, அதற்குப் பிறகு படம் பார்க்கும் வைத்தியம் ஒன்று தொடங்குகிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

டீக்கடைக் கணக்கு

படங்களுக்கு முன் எண். அப்பாவின் நண்பர் ஒருவருக்கும் இதே வியாதி, ஆனால் அவர் ஆபரேஷன் செய்துகொண்டவர். இரண்டு பேரும் காலையில் டீக்கடையில் சந்தித்தால் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பி.எஸ்.ஏ. சொல்லிக்கொள்வார்கள். அவருக்கு 0.01. அப்பாவுக்கு ஊசி இருந்தவரை 0.04, நிறுத்தி ஆறேழு மாதத்தில் 0.31. அன்று அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். முப்பது மடங்கு அதிகம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரிதான், போட்டிருக்கவே கூடாத கணக்கு.

ஆபரேஷன் செய்தவருக்கு புராஸ்டேட்டே கிடையாது. அவர் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. 0.2-க்கு வந்தாலே டாக்டர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கரண்ட் வைத்தவருக்குச் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. சுருங்கி, சோர்ந்து, கொஞ்சம் பி.எஸ்.ஏ. கசிந்துகொண்டுதான் இருக்கும். அது அடிமட்டத்துக்கு இறங்கவே ஒன்றரை, இரண்டு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல். இடையில் ஒரு முறை காரணமே இல்லாமல் ஏறி, தானாக இறங்குவதும் உண்டு. அதனால் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2005-ல் நிபுணர்கள் கூடி ஒரு கணக்கு வைத்தார்கள்: கரண்டுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. தொட்ட மிகக் குறைந்த எண்ணோடு 2 கூட்டு, அதைத் தாண்டினால்தான் திரும்ப வந்ததாக எடுத்துக்கொள். அப்பாவுக்கு அந்தக் கோடு 2.04. டீக்கடை நண்பரின் கோட்டைவிடப் பத்து மடங்கு உயரத்தில் இருக்கிறது. இதோடு ஊசிக் கணக்கும் உண்டு. ஊசி இருக்கும்வரை ஆண் ஹார்மோன் அடங்கியிருக்கும், பி.எஸ்.ஏ.யும் அடங்கியிருக்கும். நிறுத்தியதும் ஹார்மோன் மெல்லத் திரும்பும், எண்ணும் கொஞ்சம் எழும். 0.31 என்பது வியாதி திரும்பிய செய்தியாக இருக்க வேண்டியதில்லை, ஹார்மோன் திரும்பிய செய்தியாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் எனக்கு அந்த ஜனவரியிலேயே அரைகுறையாகத் தெரியும். பேங்கில் வேலை, எண்களோடு புழங்குகிறவன். ஆனால் எலும்பில் புள்ளி என்று ஒரு படம் வந்ததும் எண் எல்லாம் மறந்துபோயிற்று. எண்ணோடு வாதாடலாம், படத்தோடு எப்படி வாதாடுவது?

எனக்குப் படத்திடம் ஏமாந்த முன் அனுபவமும் உண்டு. 2021-ல் சிகிச்சைக்கு முன், புராஸ்டேட் கேன்சர் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க எடுத்த பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் சி.டி.யை ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். தாடையின் இரண்டு பக்கமும் கரி அப்பியது போல் கறுப்பு. இரண்டு கிட்னியும் கறுப்பு. கண்ணோரம், குடல், கல்லீரல், மூத்திரப்பை. தலை முதல் தொடை வரை பரவிவிட்டது என்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன். மறுநாள் தெரிந்தது, அவையெல்லாம் எல்லா மனிதருக்கும் அப்படித்தான் தெரியுமாம். எச்சில் சுரப்பியும் கண்ணீர்ச் சுரப்பியும் கிட்னியும் அந்த மருந்தை இயல்பாகவே இழுத்துக்கொள்ளும். 'புராஸ்டேட்டுக்கே உரியது' என்பது பி.எஸ்.எம்.ஏ. என்ற பெயரில் மட்டும்தான் இருக்கிறது. வயிற்றுக்குள் பெரிய ரத்தக் குழாயை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகள்கூட அதில் ஒளிரும், பழகாத கண்ணுக்கு அவை நெறிகட்டி மாதிரியே இருக்கும். விலா எலும்பில் மங்கலாக ஒரு புள்ளி வந்து, எத்தனையோ குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு ஒன்றுமில்லாமல் போவதும் சகஜம். இதெல்லாம் பட்டும் புத்தி வரவில்லை.

பத்தொன்பது நாள்

சென்னை டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. அக்காவிடம் மட்டும் சொன்னேன். அம்மாவிடம் "எலும்பு தேய்மானமாம்" என்று சொல்லிவைத்தோம். அப்பாவிடமும் அதே. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பத்தாவது நாளோ பதினொன்றாவது நாளோ, வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் பீரோ திறந்து கிடந்தது. அப்பா தரையில் உட்கார முடியாமல் முக்காலியில் உட்கார்ந்து, பத்திரங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் ஊரார் நிலத்தை அளந்தவர். தன் பத்திரங்களை மட்டும் ஒழுங்கு செய்ததே இல்லை. "இது வீட்டுப் பத்திரம். இது கொல்லைப் பட்டா, இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு, மாத்தணும். மூலப்பத்திரம் லேமினேட் பண்ணிடாத, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கட்டுகளைச் சிவப்பு நாடாவால் கட்டினார். கட்டு முடிந்ததும் சாவியை என்னிடம் கொடுத்தார். நாடா முடிச்சில் அவர் விரல் நடுங்கவில்லை, எனக்குத்தான் சாவி நழுவி விழுந்தது. கூரியரில் ஃபிலிமும் அச்சடித்த ரிப்போர்ட்டும் வந்து ஒரு வாரமாகிறதாம். தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். முப்பத்து நாலு வருஷம் இங்கிலீஷ் ஃபைல் பார்த்தவருக்கு அந்த ஒற்றை வார்த்தை புரியாமலா போகும்?

ரிப்போர்ட்டை நோயாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது சரியா என்று பலர் கேட்கிறார்கள். 'டாக்டர் பார்க்கும் முன் பிரிக்காதே, கூகுள் செய்யாதே' என்பது நல்லவர்கள் எல்லோரும் சொல்லும் அறிவுரை. என்னால் முழு மனதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் அதைப் படிக்காமல் இருந்திருந்தால், உள்ளூர் டாக்டரிடம் வலி மாத்திரை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் ஓட்டியிருப்போம். படித்ததால் சென்னைக்கு ஓடினோம். ஆனால் படித்ததால்தான் அந்தப் பத்தொன்பது நாளும். எதுவரை ஒத்துக்கொள்வேன் என்றால், அந்தத் தாள் நமக்கு எழுதப்பட்டதல்ல. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் கடிதம் அது. 'தள்ளிவிட முடியாது', 'சந்தேகத்துக்கு இடமிருக்கிறது', 'நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்றெல்லாம் அவர்களுக்குள் ஒரு பாஷை இருக்கிறது. எழுதுகிறவர், 'நான் படத்தை மட்டும்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை, மிச்சம் உங்களுக்குத் தெரியும்' என்கிறார். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தால் பாதி புரியும், அந்தப் பாதி எப்போதுமே மோசமான பாதியாக இருக்கும்.

"கரண்ட் எங்க வெச்சாங்க?"

சென்னை டாக்டர் ஃபிலிமைக் கையில் வாங்கவே இல்லை. முதலில் பி.எஸ்.ஏ. கேட்டார். 0.31 என்றதும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, எங்கே வலி என்று விரலால் காட்டச் சொன்னார். நின்றால் நடந்தால் வலிக்கிறதா, படுத்தால் குறைகிறதா என்றார். படுத்தால் குறைகிறது. ராத்திரி வலி எழுப்புகிறதா? இல்லை. அதற்குப் பிறகுதான் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பார்த்துக்கொண்டே, "பழைய பெட் சி.டி. கொண்டுவந்தீங்களா?" என்றார்.

கொண்டுவரவில்லை. மயிலாடுதுறையில் பீரோவில், பத்திரக் கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா என்னைப் பார்த்து, "எஃப்.எம்.பி. இல்லாம கல்லு தேடப் போயிருக்கான் சார்" என்றார். டாக்டருக்கு அது புரிந்திருக்காது. எஃப்.எம்.பி. என்றால் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள பழைய அளவு வரைபடம். எல்லைக் கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறவன் அதில்லாமல் போனால், நட்டிருக்கும் கல்லைத்தான் பார்க்க முடியும், நகர்ந்ததா என்று சொல்ல முடியாது.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திரும்ப ஒரு முறை படித்தார். "இதுல எங்கயும் ரேடியேஷன் பத்தியே இல்லையே. இவருக்கு இடுப்பு நெறிகட்டிக்கும் சேர்த்துல்ல கொடுத்திருக்கோம்? நீங்க அங்க சொல்லலையா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், பேப்பரில் ஒரு இடுப்பெலும்பை வரைந்து விளக்க ஆரம்பித்துவிட்டார்.

எலும்பு ஸ்கேன் கேன்சரைப் பார்ப்பதில்லை. எலும்பு எங்கே புதிதாகக் கட்டப்படுகிறதோ அங்கே அந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். நான் இதை எனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன்: முனிசிபாலிட்டி எந்தெந்தத் தெருவைத் தோண்டிப் போட்டு வேலை செய்கிறது என்று மேலிருந்து எடுத்த படம். எதற்குத் தோண்டினார்கள், சாக்கடைக்கா கேபிளுக்கா, படத்தில் இருக்காது. கேன்சர் அரித்த இடத்தைச் சுற்றி எலும்பு கட்டப்படும், தேய்ந்த மூட்டில் கட்டப்படும், முறிந்த இடத்திலும் கட்டப்படும். இடுப்பில் கரண்ட் வாங்கிய எலும்பு பலம் குறைந்துபோகும். அதோடு இரண்டு வருஷ ஹார்மோன் ஊசி, அதுவும் எலும்பைக் கரைக்கும். கீழே விழவே வேண்டாம், உடம்பின் சொந்தப் பாரத்திலேயே சேக்ரத்தில் மயிரிழை போல விரிசல் விடலாம். இரண்டு பக்கமும் நெடுக்கில் ஒவ்வொன்று, நடுவில் குறுக்கே ஒன்று. எலும்பு ஸ்கேனில் அது ஹெச் எழுத்து மாதிரி ஒளிரும். "நாங்க இதை ஹோண்டா சைன்னு சொல்லுவோம், கார் கம்பெனி லோகோ மாதிரி இருக்கறதால. இவருக்கு நடுக்கோடு சரியா வரல, ரெண்டு பக்கம் மட்டும்தான் தெரியுது. அதான் அவங்களுக்குச் சந்தேகம். எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம். பரவியிருக்க வாய்ப்பே இல்லைன்னு இப்ப சொல்ல மாட்டேன், ஆனா இந்த பி.எஸ்.ஏ.ல எனக்கு அப்படித் தோணல" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "ஆயுசு பூரா டி.வி.எஸ். ஃபிஃப்டி ஓட்டினவன்டா நான். என் இடுப்புல எப்படிடா ஹோண்டா வந்துச்சு?" பத்தொன்பது நாளில் முதல் சிரிப்பு.

எம்.ஆர்.ஐ. மறுநாளே. அதன் படங்களை டாக்டர் கம்ப்யூட்டரில் எங்களுக்குக் காட்டினார். இரண்டு மணிக்கு வரச் சொல்லி ஐந்து மணிக்குக் கூப்பிட்ட கோபமெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் போய்விட்டது. முதுகெலும்புகள் பக்கவாட்டில் வரிசையாக அடுக்கியது போல் தெரிந்தன. மேலே இருந்த எலும்புகள் சாம்பல் நிறம். கடைசி எலும்புக்குப் பக்கத்தில் திடீரென்று நிறம் மாறி, அதற்குக் கீழே எல்லாம் வெளுப்பு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி ஓர் எல்லை. கரண்ட் பட்ட இடத்தில் எலும்பு மஜ்ஜை செத்துக் கொழுப்பாக மாறிவிடுமாம், அது இந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதுதான் சார் நீங்க வெச்ச எல்லையா?" என்று திரைக்கு ஒரு அங்குலம் தள்ளி விரலை வைத்து அந்தக் கோட்டின் மேல் நகர்த்தினார். டாக்டர் ஆமாம் என்றார். "மேல் எல்லை இது. இதுக்குக் கீழதான் கொடுத்தது." அப்பா வெகு நேரம் பார்த்தார். எனக்கும் அதுதான் மனதில் நிற்கிறது, விரிசல் அல்ல. உடம்புக்குள் நேர்கோடே கிடையாது. அங்கே மனிதன் போட்ட ஒரு நேர்கோடு, இரண்டரை வருஷம் ஆகியும் அழியாமல்.

அந்த வெளுப்புக்குள், சேக்ரத்தின் இரண்டு ஓரத்திலும், மெல்லிய கறுப்புக் கீறல். விரிசல். கட்டி என்று எதுவும் இல்லை. அதே ரிப்போர்ட்டில் புராஸ்டேட்டைப் பற்றி ஒரு வரி இருந்தது: சுரப்பி சுருங்கி, முழுவதும் கறுத்து, உள் பகுதிகளின் வரம்பு தெரியவில்லை என்று. பழைய வழக்கப்படி எனக்கு அடிவயிறு கலங்கியது, ஏனென்றால் 2021-ல் கேன்சர் இருந்த இடம்தான் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாக இருந்தது. டாக்டர் சிரித்தார். கரண்ட் வைத்த புராஸ்டேட் எல்லாமே கறுத்துத்தான் போகும். சேடை ஓட்டிய வயலில் வரப்பு தேடுவது மாதிரி என்று அப்பா எடுத்துக்கொடுத்தார். அதனால் கறுப்பா வெளுப்பா என்று பார்ப்பதில்லையாம், அந்தக் கறுப்புக்குள் தண்ணீரின் நடமாட்டம் எங்கே தடைபடுகிறது, ஏற்றிய சாயம் எங்கே அவசரமாக ஓடுகிறது என்றுதான் பார்ப்பார்களாம். சிகிச்சைக்கு முன் மார்க் போடும் முறை பிறகு உதவாது என்பதால், திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க 2021-ல் தனியாக ஒரு மார்க் முறையே கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஊசி குத்தி பயாப்ஸி எடுத்துப் பார்த்துவிட்டால் நிச்சயமாகத் தெரியாதா என்று கேட்டேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கரண்ட் பட்ட கேன்சர் செல் அன்றே சாவதில்லை. அதன் டி.என்.ஏ. உடைந்துபோகிறது, ஆனாலும் உயிரோடு இருப்பது போல உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை இரண்டாகப் பிரியப் பார்க்கும்போதுதான் விழும். புராஸ்டேட் கேன்சர் செல்லுக்குப் பிரிவதில் அப்படியொன்றும் அவசரம் கிடையாது. அதனால் முதல் இரண்டு வருஷத்துக்குள் எடுத்தால், சாகப்போகிற செல்லைப் பார்த்து உயிருள்ளது என்று எழுதிவிட நேரும். அப்பாவுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது, ஆனால் எடுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை என்றார்.

அந்தக் கட்டம்

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலும்பு அடர்த்தி பார்த்தார்கள், மைனஸ் 2.8 வந்தது. மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே எலும்பு உளுத்துப் பலமிழந்துவிட்டது என்று அர்த்தம். கால்சியம், வைட்டமின் டி, பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து ஒரு டிரிப். இரண்டு மாதம் வாக்கரோடு நடந்தார். ஏப்ரலில் வாக்கரைத் திண்ணையில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார், அம்மா கத்தினாள்.

மே மாதத்தில் ஒரு நாள், இன்ஷூரன்ஸ் கேட்டார்கள் என்று அந்தத் திருச்சி பில்லைத் தேடினேன். பில்லோடு சேர்த்துப் பின் அடித்து, அன்று காலை நான் பூர்த்தி செய்த படிவத்தின் நகலும் இருந்தது. என் கையெழுத்து. பெயர், வயது 71, தொந்தரவு: இடுப்பு வலி. நோய்: புராஸ்டேட் கேன்சர். அதற்குக் கீழே ஒரு கட்டம். முன்பு எடுத்த சிகிச்சை, ஆபரேஷனா, ரேடியேஷனா, கீமோவா, எப்போது, உடம்பில் எந்த இடம். அடுத்து இன்னொரு வரி: முந்தைய ஸ்கேன் ரிப்போர்ட் இணைக்கப்பட்டுள்ளதா. இரண்டும் காலி. எனக்கு அந்தக் காலை அப்படியே நினைவிருக்கிறது. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை, கவுன்டர் பையன் "மெயினா இருக்கறதை மட்டும் எழுதுங்க சார், போதும்" என்றான், நானும் தேதி ஞாபகம் வராமல் விட்டுவிட்டேன். அவனைக் குறை சொல்லலாம், கொஞ்ச நாள் சொன்னேன். ஆனால் அந்தக் கட்டம் என்ன கேட்கிறது என்று படிக்கத் தெரிந்தவன் நான். தினமும் பேங்கில் ஜனங்களிடம், "ஃபார்ம்ல ஒரு கட்டம் விடாம எழுதணும்" என்று எரிந்து விழுகிறவன்.

ரிப்போர்ட் எழுதிய அந்த முகம் தெரியாத டாக்டரை அதுவரை மனதுக்குள் எவ்வளவோ திட்டியிருந்தேன். அவர் முன்னால் இருந்தது என்ன? புராஸ்டேட் கேன்சர் உள்ள எழுபத்தொரு வயது ஆள், இடுப்பு வலி, சேக்ரத்தில் இரண்டு பக்கமும் வெளிச்சம். கரண்ட் வைத்தது அவருக்குத் தெரியாது, பி.எஸ்.ஏ. தெரியாது, பழைய படம் கிடையாது. அவர் வேறு என்ன எழுதியிருக்க முடியும்? சந்தேகம் என்றுதான் எழுதினார், பொருத்திப் பாருங்கள் என்றும் எழுதினார். அந்த ஒரு வரியைத்தான் நான் பார்க்கவில்லை.

அப்பாவிடம் படிவத்தைக் காட்டினேன். காட்டாமலும் இருந்திருக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ரிமார்க்ஸ் காலத்தைக் காலியா விட்டா கீழ இருக்கறவன் இஷ்டத்துக்கு எழுதுவான்" என்றார். அவ்வளவுதான். அன்று சாயந்திரமே பீரோவிலிருந்து எல்லா ஃபிலிமையும் சி.டி.யையும் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கி, ஜவுளிக்கடைப் பை ஒன்றில் போட்டார். பி.எஸ்.ஏ.க்கு கிராஃப் பேப்பர் வாங்கி வரச் சொன்னார். ஒரு சென்டிமீட்டருக்கு 0.1 என்று ஸ்கேல் எழுதி, 2021-ல் கரண்ட் முடிந்ததற்குப் பிறகு வந்த எண்களுக்குப் புள்ளி வைத்து, பென்சிலால் இணைத்தார். 2.04-க்குக் கோடு போட பேப்பரில் இடம் போதவில்லை, இன்னொரு தாளை மேலே ஒட்டிக்கொண்டார். இப்போதைக்குக் கடைசிப் புள்ளி 0.9-ல் இருக்கிறது. ஹார்மோனும் திரும்பிவிட்டது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்கிறார் டாக்டர். எனக்கு அந்த 0.9 பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை.

விரிசல் ஒட்டிவிட்டதா என்று பார்க்க 2024 ஆகஸ்டில் மறுபடி எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். வேறு சென்டர், கும்பகோணம். படிவத்தை நான் வாங்குவதற்குள் அப்பா ஜவுளிக்கடைப் பையைக் கவுன்டர் மேல் வைத்துவிட்டார். பையின் மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, சர்வே வரைபடத்தில் எழுதுவது போன்ற அச்சுக் கையெழுத்தில், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்: '2021 ஆகஸ்ட், செப்டம்பர். இடுப்பில் கரண்ட் 39.'

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், புதுசு போல. படித்துவிட்டு நிமிர்ந்து, "ஷாக் அடிச்சுதா தாத்தா?" என்றாள்.

"ஆமாம்மா, பெரிய ஷாக்குதான்" என்றார் அப்பா. பிறகு கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகக் குனிந்து, "ரேடியேஷன்னு அடிம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் அடித்து முடிக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.